நான்கு மீற்றர் நடை சொல்லும் சேதி

எழுபத்தைந்து வயதைத் தாண்டிய இருவர். ஒருவருக்குச் சீனி வருத்தம், பிரஷர் இரண்டும் உண்டு. மற்றவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. அடுத்த நான்கைந்து வருடத்தில் பிறர் உதவியின்றி நடமாட ஏலாமப் போகும் வாய்ப்பு யாருக்கு அதிகம்? வருத்தங்களை எண்ணினால் முதலாமவருக்கு என்றுதான் சொல்லத் தோன்றும். முதுமை பற்றி ஆராய்பவர்களோ, பதில் சொல்ல முன்னர் இருவரையும் ஒருக்கா கதிரையிலிருந்து எழும்பச் சொல்வார்கள்.

அமெரிக்க ஆய்வாளர் ஜாக் குரால்னிக்கும் சகாக்களும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், 71 வயதும் அதற்கு மேலும் ஆன 1,122 பேர் இருந்தனர். அப்போது யாருக்கும் இயலாமை இல்லை. சோதனைகள் மூன்றுதான். பாதங்களை மூன்று விதமாக வைத்துப் பத்துப் பத்துச் செக்கன் ஆடாமல் நிற்பது. வழமையான வேகத்தில் எட்டடி நடப்பது. கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு கதிரையிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருவது. ஒவ்வொன்றுக்கும் 4 புள்ளி, மொத்தம் 12. நான்கு வருடம் கழித்து, 4 முதல் 6 வரை எடுத்தவர்களுக்கு இயலாமை வந்த வாய்ப்பு, 10 முதல் 12 வரை எடுத்தவர்களைவிட நான்கு மடங்குக்கும் அதிகமாக இருந்தது. ‘எனக்கு ஒண்டுமில்ல, நல்லாத்தான் இருக்கன்’ என்றிருந்தவர்களிடத்திலேயே உடம்பு முந்திக்கொண்டு சொல்லியிருக்கிறது.

ஆயுளின் கதையும் இதுதான். 2011இல் ஸ்டெஃபானி ஸ்டுடென்ஸ்கியின் குழு ஒன்பது ஆய்வுகளைச் சேர்த்து, 65 வயதைக் கடந்த 34,485 பேரின் நடை வேகத்தைப் பார்த்தது. செக்கனுக்கு 0.8 மீற்றர், அதாவது நான்கு மீற்றருக்கு ஐந்து செக்கன் என்பது அந்தந்த வயதின் நடுத்தர ஆயுளோடு ஏறக்குறையப் பொருந்தியது. நான்கு செக்கனில் கடப்பவர்களுக்கு அதைவிட நல்ல எதிர்பார்ப்பு. வயது, பால், நடை வேகம் மூன்றும் சேர்ந்தாலே, நோய்ப் பட்டியல், புகைப்பழக்கம், இரத்த அழுத்தம் எல்லாம் கேட்டுச் செய்த கணிப்புக்கு ஈடாக நின்றன.

இதில் மாயமில்லை. நடக்கும்போது இருதயம், நுரையீரல், நரம்பு, தசை, மூட்டு, கண் எல்லாம் ஒன்றாக உழைக்க வேண்டும். எதில் குறை வந்தாலும் கால் தாமதிக்கும். ஆனால் இவை கூட்டத்துக்கான கணக்குகள். தனி ஆளின் மௌத்துக்கு யாரும் திகதி குறிக்கவில்லை. முழங்கால் நோவால் மெதுவாக நடப்பவரைப் பார்த்துப் பயப்படவும் தேவையில்லை.

எங்கட வீடுகளில் என்ன செய்கிறோம்? ‘சும்மா இருங்க வாப்பா, நாங்க எடுத்துத் தாறம்.’ பாசம்தான், ஆனால் கால்களுக்கு வேலை இல்லாமல் ஆக்கும் பாசம். தசை எந்த வயதிலும் பயிற்சிக்கு இணங்கும். 1994இல் பொஸ்டனில், பராமரிப்பு இல்லமொன்றில் இருந்த, சராசரி 87 வயதான 100 பேரிடம் செய்த ஆய்வில், பாரம் தள்ளும் பயிற்சி பெற்றவர்களின் கால் பலம் பத்தே கிழமையில் இரு மடங்குக்கும் மேலானது. நடை வேகமும் பன்னிரண்டு வீதமளவு கூடியது.

நான்கு மீற்றரைச் சோக்கால் குறித்து, வழமையான நடையில் நடக்கவிட்டுப் போனில் நேரம் பார்க்கலாம். ஒருநாள் எண்ணைவிட, ஆறு மாதத்துக்கொருக்கா எழுதி வைப்பதே பிரயோசனம். நேரம் கூடிக்கொண்டு போனால், கிளினிக்குக்குப் போகும்போது அந்தத் தாளையும் கொண்டு போங்கள். மருந்தா, பார்வையா, மூட்டா என்று டொக்டர் அதிலிருந்து தேடத் தொடங்கலாம்.