உயரமான இடங்களில் வாழும் குழந்தைகளின் குருதி ஆக்சிசன் அளவு

குருதி ஆக்சிசன் செறிவு என்பது குருதியிலுள்ள ஈமோகுளோபினில் எத்தனை விழுக்காடு ஆக்சிசனைச் சுமந்துள்ளது என்பதைக் குறிக்கும் அளவாகும். விரலிலோ, கைக்குழந்தையாயின் பாதத்திலோ பொருத்தப்படும் பல்ஸ் ஆக்சிமீட்டர் இதைக் காட்டுகிறது. சென்னை அம்பத்தூரை அடுத்த மண்ணூர்பேட்டை போன்ற சமவெளி ஊர்களில், நலமான குழந்தைக்கு இது பெரும்பாலும் 97 முதல் 99 வரை இருக்கும். சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லடாக்கின் லே நகரில், நலமாக விளையாடும் குழந்தைக்கே 90-ஐ ஒட்டிக் காட்டக்கூடும்.

மலையில் ஆக்சிசனின் பங்கு குறைவதில்லை. அது எங்கும் ஏறத்தாழ 21 விழுக்காடுதான். குறைவது காற்றழுத்தம். லேயில் அது கடல்மட்ட அழுத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே. எனினும் செறிவு அதே விகிதத்தில் இறங்குவதில்லை. ஈமோகுளோபின் ஆக்சிசனைப் பற்றுவதைக் காட்டும் வளைகோடு மேற்பகுதியில் தட்டையாகவும், பிறகு செங்குத்தாகவும் இருக்கும். ஆகவே சுமார் 2,240 மீட்டர் உயரமுள்ள உதகமண்டலத்தில் சில புள்ளிகளே குறைகின்றன. லே போன்ற உயரங்களில் வீழ்ச்சி விரைவாகிறது.

உயரம் மட்டுமே இதைத் தீர்மானிப்பதில்லை. சுமார் 3,650 மீட்டர் உயரமுள்ள லாசாவில் பிறந்த குழந்தைகளைப் பற்றி 1995-இல் வெளியான ஆய்வில், நான்கு மாத வயதில் உறங்கும்போது திபெத்தியக் குழந்தைகளுக்கு 86-உம், ஹான் சீனக் குழந்தைகளுக்கு 76-உம் இருந்தன. பல தலைமுறைகளாக அம்மலைகளில் வாழ்ந்தோருக்கு உள்ள தகவமைப்பே இவ்வேறுபாட்டுக்குக் காரணமாகக் கருதப்படுகிறது.

நிமோனியா கண்ட குழந்தைக்கு எப்போது ஆக்சிசன் தருவது என்பதில்தான் இந்த எண்கள் முக்கியமாகின்றன. உலக சுகாதார அமைப்பு 2,500 மீட்டர் வரை 90-க்குக் குறைந்தாலும், அதற்கு மேல் 87 அல்லது அதற்குக் கீழே இறங்கினாலும் ஆக்சிசன் தரலாம் என்கிறது. தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். உதகையும் கொடைக்கானலும் 2,500 மீட்டருக்குக் கீழேயே உள்ளன. எனவே அங்கு நோயுற்ற குழந்தைக்கு 88 காட்டினால், "மலையில் அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுவது தவறு.

குளிரில் விறைத்த விரலும் அசையும் காலும் பொய்யான அளவைக் காட்டலாம். கையைச் சூடாக்கி, நாடித்துடிப்பு சீராகத் தெரிந்த பின்னரே படிக்க வேண்டும். உதடு நீலம்பாய்ந்தாலோ, மூச்சிழுக்கும்போது மார்பின் கீழ்ப்பகுதி உள்வாங்கினாலோ, எண் நன்றாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.