பேயென்றும் போர் வடுவென்றும் கைவிடப்படக்கூடாத ஒரு நோய்

வன்னிப் பெருநிலப்பரப்பில் ஒருவருக்குத் திடீரெனச் சித்தம் கலங்கினால், அதற்கான விளக்கத்தைத் தேடி நாம் அதிக தூரம் செல்வதில்லை. 2009 வரை நீடித்த யுத்தமும் அதன் இழப்புகளும் ஒரு விளக்கம். பேய், செய்வினை, ஜின் என்பன மற்றொரு விளக்கம். ஜெயபுரம் போன்ற விவசாயக் கிராமங்களில் நூல் கட்டிக் கழிப்புக் கழிக்கும் வழக்கமும், முஸ்லிம் குடும்பங்களிடையே ஓதிப் பார்க்கும் வழக்கமும் உண்டு. ஆனால், இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாவது காரணமொன்றும் இருக்கக்கூடும் என்பதை மருத்துவ விஞ்ஞானம் இன்று தெளிவாகக் காட்டியுள்ளது. உரிய காலத்தில் கண்டறிந்தால் பெரும்பாலும் குணப்படுத்தக்கூடிய நோய் அது என்பதால், அதனைப் பற்றி எழுதுவது அவசியமென நாம் கருதுகின்றோம்.

மூளையின் நரம்புக்கலங்கள் ஒன்றுடனொன்று தொடர்புகொள்ளப் பயன்படுத்தும் இரசாயனங்களுள் முதன்மையானது குளுட்டமேற்று. ஒரு கலம் வெளியிடும் குளுட்டமேற்றை அடுத்த கலத்தின் மேற்பரப்பிலுள்ள ‘வாங்கி’ எனப்படும் புரதம் ஏற்றுக்கொள்கின்றது. அவ்வாங்கிகளுள் என்.எம்.டி.ஏ. வாங்கி என்னும் வகை நினைவாற்றலுக்கும் கற்றலுக்கும் இன்றியமையாதது. கெட்டமின் என்னும் மயக்க மருந்து இதே வாங்கியைத் தடுப்பதனாலேயே, அதனைப் பெறுபவர் கனவுலகில் மிதப்பவர் போலாகின்றார்.

இவ்வாங்கிகள் கண்ணுக்குப் புலப்படாதவை. அவை மூளையில் எங்கெங்கு உள்ளன என்பதை அறிய ஆய்வாளர்கள் பிறபொருளெதிரிகளைப் பயன்படுத்துகின்றனர். வாங்கியின் புரதத்தை முயல் போன்ற விலங்குக்குச் செலுத்தினால், அதன் உடல் அப்புரதத்தில் மட்டும் ஒட்டிக்கொள்ளும் பிறபொருளெதிரியை உருவாக்கும். அதற்கு ஒளிரும் சாயமிட்டால் வாங்கி இருக்குமிடம் தெரியும். 1994 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், குளுட்டமேற்று வாங்கியின் ஒரு வகைப் புரதம் செலுத்தப்பட்ட முயல்கள் சிலவற்றுக்கு வலிப்பு ஏற்பட்டது. ஆய்வுக் கருவியாக உருவாக்கப்பட்ட பிறபொருளெதிரி மூளைக்கே தீங்கு செய்யக்கூடும் என்ற ஐயத்தை அது எழுப்பியது.

2007 இல் ஜோசப் டல்மாவ் என்னும் நரம்பியல் வைத்தியரும் அவரது குழுவினரும் 12 பெண்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். அவர்களுடைய உடல் தனது சொந்த என்.எம்.டி.ஏ. வாங்கிக்கு எதிராகவே பிறபொருளெதிரியை உருவாக்கியிருந்தது. அவர்களுட் பெரும்பாலானோருக்குச் சூலகத்தில் கட்டி இருந்தது. கட்டி இல்லாதோருக்கும், ஆண்களுக்கும், சிறுவருக்கும் இந்நோய் வருவது பின்னர் தெரியவந்தது. எனினும் இளம் பெண்களே கூடுதலாகப் பாதிக்கப்படுகின்றனர்.

இதன் அறிகுறிகளை நம் மக்கள் மனதில் இருத்த வேண்டும். முதலிற் காய்ச்சலோ தலையிடியோ வரலாம். அடுத்த சில நாட்களில் அல்லது வாரங்களில் உறக்கமின்மை, காரணமற்ற அச்சம், சந்தேகம், பிதற்றல் என்பன தோன்றும். அதன்பின் வலிப்பு, வாயும் முகமும் தாமாகவே கோணி அசைதல், பேச்சு அற்றுப்போதல், உணர்விழத்தல், மூச்சுத் தடைப்படல் என நோய் முற்றும். முன்னர் மனநோய் எதுவுமில்லாத ஓர் இளம்பெண் இவ்வாறு மாறும்போது அதைப் பேயென்று கருதுவது வியப்பன்று. ஆனால் அவ்வாறு கழியும் ஒவ்வொரு நாளும் சிகிச்சைக்குரிய நாளன்றோ?

நோயைக் கண்டறியும் சோதனை மேலே கூறிய ஆய்வு முறையின் மறுபக்கமே. என்.எம்.டி.ஏ. வாங்கியைத் தாங்குமாறு வளர்க்கப்பட்ட கலங்களின் மீது நோயாளியின் குருதியோ, முதுகெலும்பினூடாக எடுக்கப்படும் மூளைநீரோ இடப்படும். அதிற் பிறபொருளெதிரி இருந்தால் அது கலங்களில் ஒட்டி, சாயத்தால் ஒளிரும். 250 நோயாளரை ஆராய்ந்து 2014 இல் வெளியான ஆய்வில், மூளைநீர் அனைவரிடமும் நோயைக் காட்டியது. குருதி மட்டும் ஏறத்தாழ நூற்றுக்கு 14 பேரிடம் காட்டத் தவறியது. எனவே முதுகில் ஊசி ஏற்றினால் கால் வழங்காது போய்விடும் என்ற அச்சத்தால் வைத்தியர் கேட்கும் இப்பரிசோதனையை மறுப்பது நோயை மறைத்து வைப்பதற்கு ஒப்பாகும்.

கட்டி இருந்தால் அதனை அகற்றுவதும், ஸ்டீரொயிட், இமியூனோகுளோபியூலின், குருதித் திரவவிழைய மாற்றீடு ஆகியவையும் முதற்கட்டச் சிகிச்சைகள். 577 நோயாளரை உள்ளடக்கி 2013 இல் வெளியான ஆய்வில், இரண்டு ஆண்டுகள் அவதானிக்கப்பட்டோருள் நூற்றுக்கு 80 பேரளவில் நல்ல நிலைக்கு மீண்டிருந்தனர். விரைவிற் சிகிச்சை பெற்றோரே கூடுதலாக நலமடைந்தனர்.

மனக்குழப்பம் அனைத்தும் இந்நோயன்று. யுத்தம் விட்டுச்சென்ற உளக்காயங்களும் உண்மையானவை. அவற்றுக்கும் உரிய சிகிச்சை தேவை. இந்நோயோ அரிதானது. ஆயினும் மனமாற்றத்துடன் வலிப்போ, வாய் அசைவோ, உணர்விழப்போ சேருமாயின் தாமதியாது அண்மையிலுள்ள வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். அறிகுறிகள் தோன்றிய ஒழுங்கை நாள்வாரியாக வைத்தியரிடம் கூறுவது பேருதவியாகும். கோவிலிலும் பள்ளிவாசலிலும் பிரார்த்திப்பதை எவரும் தடுக்கவில்லை. பிரார்த்தனை தொடரட்டும், நோயாளி வைத்தியசாலையில் இருக்கட்டும். நம் கிராமங்களின் சமயப் பெரியோர்கள் தம்மிடம் வரும் குடும்பங்களுக்கு இதனை முதலிற் கூறுவார்களாயின் ஓர் உயிரேனும் காக்கப்படும் என்பது நமது உறுதியான நம்பிக்கை.