எத்தனை லைக் வந்திருக்கு?

குழந்தை வரைவதையோ ஆடுவதையோ வீடியோ எடுத்து யூடியூபில் ஏற்றுவது, புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதலில் நடக்கும் வேலைகளில் ஒன்று. சிக்கல் மறுநாள் காலையில்தான் தொடங்கும்.

என் அக்கா மகளுக்கு ஆறு வயது. அவள் களிமண்ணில் பிள்ளையார் செய்ததை அக்காவின் கணக்கில் ஏற்றினோம். மறுநாள் வியூஸ் 11, லைக் 2. "மாமா, மீதி 9 பேருக்குப் பிடிக்கலையா?" என்று கேட்டாள். முகம் வாடிவிட்டது.

கழித்தல் கணக்கு சரி, அர்த்தம்தான் தவறு. வியூஸ் என்பது ஆட்களின் எண்ணிக்கை அல்ல. ஒருவரே பலமுறை பார்த்தாலும் அது ஏறும். தாத்தா மட்டுமே நான்கு முறை பார்த்திருந்தார். மேலும், கூகுள் கணக்கில் லாக்-இன் செய்தவர்தான் லைக் பட்டனை அழுத்த முடியும். தாத்தா லாக்-இன் செய்வதே இல்லை. அழுத்தாதவர் எல்லாம் பிடிக்காதவர் அல்ல.

இதை எல்லாம் ஆறு வயதுக்கு எப்படிச் சொல்வது? தாத்தாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். "தும்பிக்கை ரொம்ப நல்லா வளைஞ்சிருக்கு. எலி எங்கேம்மா?" என்றார். போனை வைத்ததும் அவள் எலி செய்யப் போய்விட்டாள். லைக் 2 என்ற எண்ணால் இதைச் சொல்லியிருக்க முடியாது.

இந்த எண்ணிக்கை விஷயத்தில் யூடியூபே தன் முறையை மாற்றியிருக்கிறது. ஆரம்பத்தில் 5 நட்சத்திர மதிப்பீடு இருந்தது. பெரும்பாலோர் ஐந்தையே கொடுத்ததால், 2010-ல் லைக், டிஸ்லைக் பட்டன்கள் வந்தன. 2021 நவம்பரில் டிஸ்லைக் எண்ணிக்கையைப் பார்வையாளர்களிடமிருந்து மறைத்தார்கள். ஆனால் வீடியோவை ஏற்றியவருக்கு யூடியூப் ஸ்டூடியோவில் அது தெரியும். எனவே குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்டூடியோவைத் திறக்காதீர்கள்.

கமெண்ட் இன்னும் கவனிக்க வேண்டியது. முன்பின் தெரியாதவர் எழுதுவதை ஆறு வயதுக் குழந்தை படிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஏற்றும்போது ஆடியன்ஸ் பகுதியில் 'குழந்தைகளுக்கானது' என்பதைத் தேர்ந்தெடுத்தால் கமெண்ட் வசதி தானாகவே நின்றுவிடும். 2020 ஜனவரியிலிருந்து இப்படித்தான். மற்ற வீடியோக்களில் நீங்களே நிறுத்த வேண்டும்.

என் யோசனை, விசிபிலிட்டி பகுதியில் 'அன்லிஸ்டட்' என்பதைக் கிளிக் செய்யுங்கள். தேடினால் வீடியோ வராது. லிங்க் உள்ளவர்கள் மட்டும் பார்க்கலாம். உறவினர்களுக்கு லிங்க் அனுப்பும்போது, லைக் போடச் சொல்லாமல், பார்த்துவிட்டுப் போனில் குழந்தையிடம் ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கள்.