வேன் ஏறுமுன் நம்பர் பலகையைப் பாருங்கள்

இளையரசனேந்தல், கோவில்பட்டி, சங்கரன்கோவில் வட்டாரத்தில் பள்ளி விடுமுறையோ பண்டிகையோ வந்துவிட்டால், நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து வேன் பிடித்துக் கடற்கரைப் பக்கம் போய்வருவது வழக்கமாகிவிட்டது. விடியுமுன் கிளம்பினால் ஆதிச்சநல்லூர், கொற்கை, திருச்செந்தூர், மணப்பாடு, தூத்துக்குடி பனிமய மாதா கோயில் என்று முத்துக்குளித்துறைக் கரையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ராத்திரிக்குள் வீடு வந்து சேரலாம். கூடவே இடங்களைச் சுற்றிக் காட்டி விளக்க ஓர் ஆளையும் ஏற்பாடு செய்து தருகிறோம் என்று சொல்லும் தனியார் ஏற்பாட்டாளர்களும் இப்போது பெருகிவிட்டார்கள்.

பேச்சு முழுக்க போனில் முடிகிறது. அட்வான்ஸ் ஜிபேயில் போகிறது. ரசீது கிடையாது. வண்டி எது என்பது வாசலில் வந்து நிற்கும்போதுதான் தெரிகிறது. பல நேரம் வந்து நிற்பது வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து போட்ட ஓன் போர்டு வண்டி. “நமக்குத் தெரிஞ்ச பையன் வண்டிதான், ஏறுங்க” என்று யாராவது ஒருவர் சொல்ல, எல்லோரும் ஏறிவிடுகிறார்கள். பயணம் நல்லபடியாக முடிந்தால் சரி. முடியாதபோதுதான் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை என்பது உறைக்கிறது.

வெள்ளைப் பலகை, மஞ்சள் பலகை

வாடகைக்கு ஆள் ஏற்றும் வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி பர்மிட் வேண்டும். அப்படிப்பட்ட வண்டிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. மின்சார வண்டியானால் பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து. சொந்த உபயோகத்துக்குப் பதிவான வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு விடுவது குற்றம். பர்மிட் இல்லாமல் ஓட்டினால் 10,000 ரூபாய் அபராதம் உண்டு, சிறைக்கும் சட்டத்தில் இடம் உண்டு.

அபராதம் வண்டிக்காரர் பாடு. ஏறுகிறவர் பாடு இன்ஷூரன்ஸில் இருக்கிறது. சொந்த உபயோக வண்டியின் பாலிசியிலேயே வாடகைக்கு ஓட்டக்கூடாது என்ற நிபந்தனை இருக்கும். விபத்து நடந்து, வாடகைக்குத்தான் வந்தார்கள் என்று தெரிந்தால், காப்பீட்டு நிறுவனம் நீதிமன்றத்தில் பொறுப்பை மறுக்கச் சட்டமே வழிவிடுகிறது. சில வழக்குகளில் நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று நீதிமன்றம் சொல்கிறது. அந்த உத்தரவு வரும்வரை ஆஸ்பத்திரிச் செலவோடு அலைவது குடும்பம்தான். அந்த வண்டிக்கு வெறும் ‘தேர்ட் பார்ட்டி’ பாலிசி மட்டும் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். சொந்தக் காரின் உள்ளே உட்கார்ந்திருப்பவரை அந்தப் பாலிசி காப்பாற்றாது.

லோடு ஆட்டோவிலும் மினி லாரியிலும் தார்ப்பாய் கட்டிக் குழந்தை குட்டிகளோடு திருச்செந்தூர் போகிறவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். சரக்கு வண்டியில் ஏறிய பயணிக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் 2003-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. இருபது வருடம் தாண்டியும் விசேஷ நாட்களில் அந்த வண்டிகள் சாலையில் வரிசையாகப் போகின்றன. சோதனைச் சாவடியில் நிற்பவர்களும் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறார்கள்.

மஞ்சள் பலகை இருந்துவிட்டால் மட்டும் போதாது. சீட் எத்தனை என்று கேட்க வேண்டும். 42 பேருக்கு இன்ஷூரன்ஸ் செய்த பஸ்ஸில் 90 பேர் போய் விபத்துக்குள்ளான இமாசலப் பிரதேச வழக்கில், 42 பேருக்கான தொகைக்கு மட்டுமே நிறுவனம் பொறுப்பு, அதை எல்லோருக்கும் விகிதப்படி பிரித்துக்கொள்ள வேண்டும் என்று 2007-ல் உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது. பன்னிரண்டு சீட் வேனில் இருபது பேரை அடைத்தால், விபத்தென்று வந்தால் எல்லோர் பங்கும் குறையும்.

சரிபார்ப்பது கடினமில்லை. அட்வான்ஸ் அனுப்புமுன் வண்டி நம்பரைக் கேளுங்கள். ‘எம்-பரிவாகன்’ செயலியில் அந்த நம்பரைப் போட்டால் வண்டி எந்த வகையில் பதிவானது, எஃப்.சி. எந்தத் தேதி வரை, இன்ஷூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பர்மிட் நகலையும் டிரைவர் லைசென்ஸையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். தயங்குகிறவரின் வண்டி வேண்டாம். கிளம்பும் அன்று வேறு வண்டி வந்து நின்றால், அதன் நம்பரையும் போட்டுப் பார்த்த பிறகே ஏறுங்கள்.

ஒரு பக்க ஒப்பந்தம்

அடுத்த தகராறு பணத்தில் வருகிறது. கொற்கைக்கும் மணப்பாட்டுக்கும் போவதாகப் பேசியிருப்பார்கள். திருச்செந்தூரில் கூட்டம், நேரமாகிவிட்டது என்று அங்கிருந்தே வண்டியைத் திருப்பிவிடுவார்கள். கூடுதல் கிலோமீட்டர், டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங் என்று ஒவ்வொன்றாக இறக்கும்போது பேசிய தொகை எங்கோ போய் நிற்கும். கைடு என்று வந்தவர் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார், அல்லது பார்த்த இடத்தில் எல்லாம் கதை அளப்பார்.

இதற்கெல்லாம் ஒரே மருந்து, கிளம்புமுன் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவது. முத்திரைத் தாள் தேவையில்லை, நோட்டுத் தாள் போதும். அதில் இருக்க வேண்டியவை: தேதி, வண்டி நம்பர், எத்தனை பேர், பார்க்க வேண்டிய இடங்கள் வரிசையாக, மொத்தத் தொகை, எத்தனை கிலோமீட்டர் வரை, அதற்கு மேல் கிலோமீட்டருக்கு எவ்வளவு, டோலும் பேட்டாவும் யார் பொறுப்பு, வண்டி பழுதானால் மாற்று வண்டி யார் தருவது, ரத்தானால் எவ்வளவு திரும்பும், எத்தனை நாளில் திரும்பும். கைடு வருவதாக இருந்தால் அவர் பெயரும், சுற்றுலாத் துறை அடையாள அட்டை வைத்திருக்கிறாரா என்பதும். ஏற்பாட்டாளர் ஊரில் இல்லையென்றால் இதையே வாட்ஸ்அப்பில் அனுப்பி, “சம்மதம்” என்று பதில் வாங்குங்கள். ஜிபேயில் பணம் அனுப்பும்போது குறிப்பில் தேதியும் வண்டி நம்பரும் போடுங்கள். அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள். போன் மாற்றினாலும் பழைய போனைப் பத்திரமாக வையுங்கள்.

ரசீது கேட்பது சங்கடம் என்று நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சேவைக்குரிய ரசீது தராமல் இருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், பணத்தைத் திருப்பித் தராததும் அப்படியே.

எந்த மாவட்டம், எந்த அலுவலகம்

இளையரசனேந்தல்காரர்கள் இங்கேதான் அதிகம் தடுமாறுகிறார்கள். ஊர் முன்பு சங்கரன்கோவில் வட்டத்தில் இருந்தது. பிறகு பிர்காவோடு கோவில்பட்டி வட்டத்துக்கு, அதாவது தூத்துக்குடி மாவட்டத்துக்கு மாறியது. ஊராட்சி ஒன்றியமோ நெடுங்காலம் குருவிகுளத்தோடு இருந்தது. 2019-ல் தென்காசி தனி மாவட்டமானபோது அந்தக் குழப்பம் இன்னும் கூடியது. “இது எங்க லிமிட் இல்லை” என்று ஒரு மேசை சொல்ல, அடுத்த மேசை அதையே திருப்பிச் சொல்ல, பாதிப் புகார்கள் அங்கேயே செத்துப்போகின்றன.

நுகர்வோர் புகாருக்கு இந்தக் குழப்பம் தேவையில்லை. புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ உள்ள மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம் என்று 2019 சட்டம் தெளிவாகச் சொல்கிறது. வண்டிக்காரர் சங்கரன்கோவிலில் இருந்தாலும் திருநெல்வேலியில் இருந்தாலும், இளையரசனேந்தலில் குடியிருப்பவர் தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போனால் போதும். ஆதார் அட்டையில் பழைய மாவட்டம் இருந்தால், அதை முன்பே திருத்திக்கொள்வது நல்லது.

முதல் படி 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதில் பதிவு எண் வாங்கிக்கொள்ளுங்கள். பல ஏற்பாட்டாளர்கள் அந்த அழைப்புக்கே பணத்தைத் திருப்பிவிடுவார்கள். அசையாவிட்டால் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ்: என்ன பேசினோம், என்ன நடக்கவில்லை, எவ்வளவு திரும்ப வேண்டும், எத்தனை நாள் அவகாசம். ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் ஆணையத்தில் மனு. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் ஒரு பைசா கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. ‘இ-ஜாக்ரிதி’ தளத்தில் வீட்டிலிருந்தும் போடலாம். காலக்கெடு இரண்டு வருடம். ‘போனால் போகட்டும்’ என்று விட்டுவிடுகிற பழக்கத்தால்தான் அதே ஆள் அடுத்த விடுமுறைக்கும் அதே வேனை ஓட்டுகிறார்.

ஓன் போர்டு வண்டி வாடகைக்கு ஓடினால் அந்தப் புகார் வேறு. அது கோவில்பட்டி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு எழுத்தில் போக வேண்டும். வண்டி நம்பர், தேதி, பணம் அனுப்பிய ஆதாரம் மூன்றும் இணைக்க வேண்டும். ‘பார்க்கிறோம்’ என்ற வாய்ப் பதிலோடு திரும்பாதீர்கள். நகலில் முத்திரையும் தேதியும் போட்டு வாங்குங்கள். விபத்து நடந்த மறுநாள் மட்டும் சாலையில் இறங்கி வண்டி பிடிக்கும் வழக்கத்தை அந்தத் துறை மாற்றிக்கொள்ள, முத்திரை போட்ட மனுக்கள் குவிய வேண்டும்.

விபத்து நடந்துவிட்டால்

முதலில் 108. தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், காப்பீட்டு அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை பட்டியலிட்ட தனியார் மருத்துவமனைகளிலும் இலவசம். 2025 மே முதல் மத்திய அரசின் திட்டத்தில் ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு ரொக்கமில்லாச் சிகிச்சையும் உண்டு. முன்பணம் கேட்கும் மருத்துவமனையில் இந்தத் திட்டங்களின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்தது எஃப்.ஐ.ஆர். குலசேகரன்பட்டினம் பக்கம் விபத்து நடந்திருக்கும். அடிபட்டவர்களோ ஊருக்குத் திரும்பிவிட்டிருப்பார்கள். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம் என்பது 2024 ஜூலை முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் எழுதிய உரிமை. நகல் இலவசம். டிரைவரும் உரிமையாளரும் வந்து, “கேஸ் வேண்டாம், செலவைப் பார்த்துக்கிறோம்” என்று ஆயிரங்களை நீட்டுவார்கள். வாங்கிக்கொண்டு எஃப்.ஐ.ஆர். போடாமல் விட்டால் இழப்பீட்டு வழக்கின் கால் ஒடிந்துவிடும். திரும்பவும் சொல்ல வேண்டியிருக்கிறது: எஃப்.ஐ.ஆர். இல்லாமல் சமரசம் வேண்டாம்.

இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த இடத்திலோ மனுதாரர் குடியிருக்கும் இடத்திலோ உள்ள மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் போடலாம். திருச்செந்தூருக்கு அலைய வேண்டாம், கோவில்பட்டியிலேயே போடலாம். ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்பது சட்டத் திருத்தம். கடைசி வாரம் வரை காத்திருக்காதீர்கள். எஃப்.ஐ.ஆர். நகல், ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல், காயச் சான்று, மருந்துச் சீட்டுகள், சம்பளச் சான்று, முன்பு வாங்கிய அந்த ஒப்பந்தத் தாள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். தவறு யார் மேல் என்று நிரூபிக்காமலே மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் கோர இடமுண்டு. வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகலாம்.

கடலும் களமும்

கரிசல் காட்டுக்காரர்களுக்குக் கடல் புதிது, அதனால் பயம் குறைவு. 2017 பிப்ரவரி 26 அன்று மணப்பாட்டில் சுற்றுலா வந்தவர்கள் கடலைச் சுற்றிப் பார்க்க மீன்பிடிப் படகு ஒன்றில் ஏறினார்கள். அளவுக்கு மீறி ஏறிய அந்தப் படகு கவிழ்ந்து, பெண்களும் குழந்தைகளுமாகப் பலர் பிணமாகக் கரை சேர்ந்தார்கள். மீன்பிடிக்கப் பதிவான படகு பயணிகளை ஏற்றக் கூடாது. லைஃப் ஜாக்கெட் ஆளுக்கொன்று கையில் தராத படகில் ஏறக்கூடாது. “கரையோரமாத்தான் போவோம்” என்ற பேச்சைக் கேட்டு ஏறக்கூடாது.

குளிப்பதிலும் அதே எச்சரிக்கை வேண்டும். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் அலையில் போனார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை விடுத்திருந்த நாள் அது. காற்றில்லாமல், வானம் தெளிந்திருக்கும்போதே, தொலைதூரக் கடலில் எழுந்த அலை கரையில் உயர்ந்து அடிப்பதுதான் கள்ளக்கடல். ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் அந்த எச்சரிக்கையை வெளியிடுகிறது. மீனவர்கள் படகை மேலே இழுத்துப் போட்டிருந்தால் காரணம் கேளுங்கள், ஆபத்தென்று சொன்னால் இறங்காதீர்கள். கடலில் ஆபத்தென்றால் கடலோரக் காவல் குழுமம் 1093, கடலோரக் காவல்படை 1554. வேன் கிளம்புமுன் குழுவில் நாலு பேர் போனிலாவது இந்த இரண்டு எண்ணும் பதிவாகியிருக்கட்டும்.

ஆதிச்சநல்லூர் பரம்பு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். 1876-ல் ஜெர்மானியர் யாகோர் தோண்டத் தொடங்கிய காலத்திலிருந்து தாழி தாழியாகப் பொருள் கொடுத்த மண். குழந்தைகள் ஓட்டுத் துண்டையோ மணியையோ பொறுக்கிப் பையில் போடுவதும், சில கைடுகளே “எடுத்துக்கோங்க” என்று தருவதும் நடக்கிறது. பாதுகாக்கப்பட்ட இடத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். கடற்கரைக் கடைகளில் பவளப்பாறைத் துண்டு, உலர்ந்த கடல்குதிரை வாங்குவதும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டிவிடும். ‘கைடு சொன்னார்’ என்பது அங்கே பதிலாகாது.

இடத்தைப் பற்றியோ கைடு பற்றியோ சந்தேகம் இருந்தால் கோரம்பள்ளத்தில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துச் சுற்றுலாப் பிரிவில் கேட்கலாம். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில், விசேஷ நாட்களில் திருச்செந்தூர் சாலையில் சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவதையும் மணப்பாட்டில் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் படகு ஓட்டுவதையும் குறித்து, ஊராட்சி சார்பில் ஒரு மனு கொடுக்கலாம். குலசை தசராவுக்கும் கந்த சஷ்டிக்கும் ஒரு மாதம் முன்னதாகக் கொடுத்தால்தான் அதிகாரிகள் பாதுகாப்பு ஏற்பாட்டுக் கூட்டத்தில் அதை எடுத்துப் பேச முடியும். மனு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் அந்த எண்ணைச் சொல்லி அடுத்த திங்கட்கிழமையே மறுபடி போய் நில்லுங்கள்.