வீடு மிதக்குமா... படகுவாசிகளின் கிறிஸ்துமஸ் லீவு டென்ஷன்!

ஊருக்கு பஸ் ஏறின பிறகுதான், 'கேஸை மூடினோமா?'னு நமக்கு டவுட் வரும். லண்டன் கால்வாய்கள்ல படகையே வீடாக்கி வாழ்றவங்களுக்கு கிறிஸ்துமஸ் லீவுல வர்ற டவுட்டே வேற... 'திரும்பி வர்றப்போ வீடு மிதக்குமா?'

வாடகை கட்டுப்படியாகாம இந்த ஒல்லிப் படகுகளுக்குக் குடிவந்தவங்க நிறைய பேர். சுமார் 7 அடி அகலத்துக்குள்ளேயே கிச்சன், கட்டில், விறகும் கரியும் எரிக்கிற அடுப்பு. ஆள் இருக்கும்வரை அந்த அடுப்புச் சூடே குழாய்களையும் காப்பாத்திடும். ஆனா, எரியுற அடுப்பை அப்படியே விட்டுட்டுப் போக முடியாதே!

அணைச்சுட்டா, குழாய்ல நிக்கிற தண்ணி குளிர்ல உறைஞ்சு விரியும், குழாய் வெடிக்கும். அந்த நேரம் தண்ணி பம்ப் ஆன்ல இருந்தா, டேங்க் மொத்தமும் படகுக்குள்ளேயே கொட்டும். அதனால, பம்பை ஆஃப் பண்ணி, குழாய்களை வடிச்சு, டேப்பைத் திறந்தே வெச்சுட்டுக் கிளம்புவாங்க. (இதை நம்ம வீட்டுல செஞ்சா அம்மாகிட்ட திட்டு கன்ஃபார்ம்.) அதேசமயம், படகோட அடியில சேர்ற மழைத்தண்ணியையும் கசிவையும் வெளியேத்துற இன்னொரு பம்ப் ஓடியே ஆகணும். அதுக்கு பேட்டரியில சார்ஜ் வேணும். டிசம்பர் வெயிலை நம்பி சோலார்கிட்ட அந்தப் பொறுப்பை விடுறது ரிஸ்க்!

லீவை இஷ்டத்துக்கு நீட்டவும் முடியாது. நிரந்தர நிறுத்துமிடம் இல்லாத படகுகள், 1995-ம் வருஷச் சட்டப்படி பொதுவா ஒரே இடத்துல 14 நாள்களுக்கு மேல நிக்கக் கூடாது. கூடுதலா நிக்கணும்னா பணம் கட்டி குளிர்கால இடம் பிடிக்கணும்.

டிசம்பர் 25 அன்னிக்கு அங்கே ரயில்களும் ஓடாது. அதனால, முதல் நாளே பக்கத்துப் படகுக்காரர்கிட்ட சாவியைக் கொடுத்துட்டு ஸ்டேஷனுக்கு ஓடணும்.