தைத்த விரல் மடங்க வேண்டுமானால்

விரலை மடக்கும் தசைநாண், பாவாடைக்குள் ஓடும் நாடாவைப் போல ஒரு மெல்லிய உறைக்குள் வழுக்கி ஓடுகிறது. அரிவாள்மனையோ உடைந்த கண்ணாடியோ பட்டு அது அறுந்தால், மருத்துவர் இரு முனைகளையும் சேர்த்துத் தைத்துவிடுவார். அதன்பின் விரலை அசைக்காமலே வைத்திருந்தால் தைத்த இடம் உறையோடு ஒட்டி, விரல் விறைத்துப்போகும். அவசரப்பட்டு வேலை வாங்கினால் தையல் பிய்ந்துவிடும். இந்த இரண்டுக்கும் இடையில் பார்த்துப் பார்த்துச் செய்வதுதான் பயிற்சி. அதனால்தான் புண் ஆறும்வரை காத்திருக்காமல், சில நாட்களிலேயே தொடங்கச் சொல்கிறார்கள்.

பயிற்சி சின்னதுதான். தைத்தபின் கையைத் தாங்கக் கட்டியிருக்கும் ஸ்பிளிண்டைக் கழற்றாமல், நல்ல கையால் அடிபட்ட விரலை மெல்ல உள்ளங்கை வரை மடக்க வேண்டும். பிறகு ஸ்பிளிண்டைத் தொடும்வரை நிமிர்த்த வேண்டும். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கொருமுறை, பத்துப் பத்துத் தடவை என்று பல இடங்களில் சொல்வார்கள். முறை ஆளுக்கு ஆள் மாறும்; பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்னதை நீங்கள் செய்யக்கூடாது.

செய்யாதவரைச் சோம்பேறி என்று திட்டிப் பயனில்லை. பெரும்பாலும் பயமும் வலியும்தான் காரணம். பிசியோதெரபிஸ்ட் கற்றுத்தரும்போதே போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். அவர் முன்னாலேயே ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள். வலி மாத்திரையைப் பயிற்சிக்கு எவ்வளவு நேரம் முன்னால் போடலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள். மணிக்கொருமுறை அலாரம் வையுங்கள். கை தொங்கினால் வீங்கும், வீங்கினால் விரல் மடங்காது; ஆகவே உட்காரும்போதும் படுக்கும்போதும் தலையணைமேல் உயர்த்தி வைக்கவேண்டும்.

ஸ்பிளிண்டைப் பலரும் கழற்றுவது குளிக்கத்தான். கழற்றத் தேவையில்லை; அதன்மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டிவிட்டு, தலைக்கு ஊற்ற யாராவது உதவினால் போதும்.

எனக்கு அதிகம் கவலை தருவது மூன்றாவது, நான்காவது வாரம். வலி குறைந்திருக்கும், புண் காய்ந்திருக்கும், “கை சரியாயிடுச்சு” என்று குடத்தைத் தூக்கத் தோன்றும். ஆனால் உள்ளே தசைநாண் இன்னும் உறுதிப்படவில்லை. ஸ்பிளிண்ட் பொதுவாக 6 வாரம். பாரம் தூக்க 12 வாரமாவது ஆகும். அதுவரை தண்ணீர் பிடிப்பதையும் துணி பிழிவதையும் வீட்டில் வேறொருவர் ஏற்றுக்கொள்வதும் சிகிச்சைதான்.

நேற்றுவரை மடங்கிய விரல் திடீரென்று மடங்காமல் போனாலோ, உள்ளே ‘டப்’ என்று ஏதோ விட்டதுபோல் தோன்றினாலோ, அடுத்த செக்கப் வரட்டும் என்று இருக்காதீர்கள். அன்றைக்கே அறுவை சிகிச்சை செய்த மருத்துவரிடம் போய்க் காட்டுங்கள்.