சன்னலுக்கு எதிரே ஒரு தோப்பு

எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை முடிந்து வீடு திரும்புவோரின் குடும்பத்தினர் தவறாமல் கேட்பது இது: "டாக்டர், மாடித் தோட்டத்தில் சற்று உட்காரலாமா?" வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் காலத்தில் வேண்டாம் என்றே சொல்கிறேன். ஈர மண்ணிலும் மக்கும் இலைகளிலும் வளரும் ஆஸ்பெர்ஜிலஸ் பூஞ்சையின் நுண்வித்துகள் காற்றில் கலந்து நுரையீரலை அடைகின்றன. நலமுடையோரைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாத அவை, இவர்களின் உயிருக்கே ஊறு விளைவிக்கலாம்.

ஆயினும் பசுமையைக் காணும் ஆசை வீணானதன்று. பித்தப்பை அறுவைக்குப் பின் சன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கற்சுவரைக் கண்டவர்களைவிட விரைவில் வீடு திரும்பினர் என்று ரோஜர் உல்ரிச் 1984இல் எழுதினார். ஓவியம் மரமாகிவிடாதுதான். எனினும் சன்னலுக்கு எதிரே உள்ள மதிற்சுவரில் தீட்டிய தோப்பு, வெற்றுச்சுவரைவிட மேல்.

அதை நோயாளி வீடு திரும்புமுன்பே முடித்துவிடுங்கள். பழைய சுண்ணாம்பைச் சுரண்டும்போது எழும் தூசியிலும் அதே பூஞ்சை இருக்கக்கூடும். செயற்கைச் செடிகள் வைக்கலாம். தூசி படியாதவாறு, நோயாளியல்லாத ஒருவர் ஈரத்துணியால் துடைத்து வரவேண்டும். செயற்கை நீரூற்று மட்டும் வேண்டாம்: தெறிக்கும் நுண்துளிகள் வழியே லெஜியோனெல்லா கிருமி பரவக்கூடும். மண்தொட்டிகளிடம் எப்போது திரும்பலாம் என்பதை, அணுக்களின் எண்ணிக்கையையும் மருந்தின் அளவையும் பார்த்துக் கூறுவோம்.